காகிதப்பூவுக்குச் சொந்த ஊர் எது?

ஹைதர் அலி இறந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இல்லை. 1782 டிசம்பரில், சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில் போட்டிருந்த பாசறையில், முதுகில் வந்த ராஜபிளவைக்கு அவர் பலியானார். மகன் திப்பு அப்போது மலபார்ப் பக்கம் சண்டையில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை படை கலைந்துவிடக் கூடாதே என்று சாவுச் செய்தியை மூடி மறைத்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மைசூர்ப் போர்களை மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட எனக்கு, அந்தக் கதையின் ஒரு முக்கியமான கட்டம் எங்கள் குடிபாலா பக்கத்தில்தான் நடந்தது என்று தெரிய வந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான்.

செடி கொடி பற்றி எழுத வந்தவன் ஹைதர் அலியை எதற்கு இழுக்கிறான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 1760-ல் பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். அப்பா போட்ட தோட்டத்துக்குத் திப்பு பாரசீகம், காபூல், மொரிஷியஸ் என்று பல பக்கமிருந்தும் விதையும் செடியும் வரவழைத்தார் என்று லால்பாக் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் மண்ணைக் கொத்தித் தண்ணீர் பாய்ச்சியவர்களில் திகளர் என்கிற தோட்டக்காரச் சமூகத்தார் முக்கியமானவர்கள். தமிழ்ப் பக்கத்திலிருந்து போனவர்கள். பெங்களூர்க் கரகத் திருவிழாவை இன்றைக்கும் நடத்துபவர்கள் அவர்கள்தான். வேலைக்காக எல்லை தாண்டிப் போன தமிழர்கள் கணினி வந்த பிறகு தோன்றியவர்கள் இல்லை, பாருங்கள் :-)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குடிபாலாவில் எங்கள் வீட்டின் மேற்கு மதில் சாலையைப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்கு மேல் வெயில் நேரே அதன்மேல்தான். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மதிலில் கை வைக்க முடியாது. ராத்திரியிலும் அது உள்வாங்கின சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அம்மா தொலைபேசியில் சொன்னது இதுதான்: "மதில் மொட்டையா கெடக்குதுப்பா. கலர் கலரா தொங்குற மாதிரி நாலு கொடி சொல்லு. ஆனா தண்ணி நெறைய கேக்கக் கூடாது. போர்ல தண்ணி கீழ போயிட்டே இருக்குது."

எனக்கு உடனே தோன்றியது காகிதப்பூ. தெலுங்கிலும் அதற்குக் 'காகிதம் பூலு' என்றுதான் பெயர். எங்கள் ஊரில் இரண்டு மொழிக்காரர்களும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட பெயர். அதன் ஊரைத் தேடிப் போனால் கதை நீளமாகப் போகிறது.

1766-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பூகன்வில் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார். கூடப் போன தாவரவியலாளர் கொமெர்சோன். கொமெர்சோனுக்கு ஓர் உதவியாளர். ஆண் உடையில், ஆண் பெயரில் இருந்த அந்த உதவியாளர் உண்மையில் ழான் பரே என்கிற பெண். பிரெஞ்சுக் கப்பலில் பெண்களுக்கு அனுமதி இல்லாததால் இந்த வேடம். 1767-ல் கப்பல் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோதுதான் இந்தக் கொடி அவர்கள் கைக்கு வந்தது. கொமெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். அதனால் காட்டுக்குள் போய் இதைப் பறித்து வந்தது பரேயாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஆய்வாளர்கள் உண்டு. பெயர் மட்டும் கப்பல் தலைவருக்குப் போனது. 1789-ல் ழூசியூ அதை அச்சில் ஏற்றினார். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று வரலாறு சொல்வது பரேயைத்தான். அவர் பெயரில் ஒரு செடி வந்தது 2012-ல்தான், அதுவும் கத்தரி, உருளைக்கிழங்குக் குடும்பத்துச் செடி ஒன்று.

கொமெர்சோன் பிரான்சுக்குத் திரும்பவே இல்லை. மொரிஷியஸில் இறங்கினார், 1773-ல் அங்கேயே இறந்தார். அவர் இருந்த காலத்தில் அந்தத் தீவில் தமிழ் பேசுகிறவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 1735-ல் லா பூர்தொனே ஆளுநராக வந்தபின், துறைமுகமும் கட்டடமும் எழுப்பப் புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோயிருந்தார்கள். மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் இன்றைக்கும் தமிழ் எழுத்து இருக்கிறதே, அதன் வேர் அங்கே தொடங்குகிறது.

கொடி நம் நாட்டுக்கு வந்து சேர இன்னொரு நூற்றாண்டு ஆனது. ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1860 வாக்கில் கல்கத்தாவில் இறங்கியது. குளிருக்கு நடுங்கிக்கொண்டிருந்த செடிக்கு இங்கே வந்ததும் உயிர் வந்தது. அப்புறம் வெள்ளைக்காரர் பங்களா, ரயில் நிலையம், கச்சேரி, கல்லூரி என்று எங்கும் ஏறியது. 1910 வாக்கில் தென் அமெரிக்காவின் கார்த்தஹேனாவில் திருமதி பட் என்பவர் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கண்டெடுத்துத் திரினிடாடுக்குக் கொண்டுபோன சிவப்பு வகைதான், நாம் பார்க்கும் பல செந்நிற, ஆரஞ்சு நிறச் செடிகளுக்கு மூதாதை. 1949-ல் கல்கத்தா தோட்டக்கலைச் சங்கத்துத் தோட்டத்தில் ஒரு செடியின் கிளை தானாக மாறி, ஒரே கொத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்தது. 'மேரி பாமர்' என்று உலகம் முழுக்க விற்கிற வகை அதுதான். அதன் வழியில் வந்த 'திம்மா'வுக்கு இலை நடுவிலும் மஞ்சள் படிந்திருக்கும், பூ இல்லாத மாதத்திலும் பார்க்க அழகு.

இன்னொரு தகவல். கோதுமையில் துருநோயைத் தாங்கும் வகைகளை உருவாக்கிய விஞ்ஞானி பி.பி.பால் ஓய்வு நேரத்தில் ரோஜாவும் காகிதப்பூவும் ஒட்டுச் சேர்த்துப் புது வகைகள் கண்டவர். காகிதப்பூவில் உலகின் எந்த மூலையில் புது வகை வந்தாலும் பெயரைப் பதிவு செய்கிற பொறுப்பு 1960-களிலிருந்து டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. பிரேசிலில் பிறந்து, பிரெஞ்சுக்காரர் பெயரைச் சுமந்து, கடைசியில் ஊர்ப் பதிவேடு டெல்லியில்! நான் இருக்கும் கலிஃபோர்னியாவிலும் மதில் மதிலாக இதே செடிதான். 'எங்கள் ஊர்ச் செடி' என்று இங்கிருப்பவர்களும் நினைக்கிறார்கள்.

வெயில் மதிலுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் பூ என்று பார்க்கும் வண்ணம் உண்மையில் பூ இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் குச்சி மாதிரி இருக்கும் மூன்று சின்ன வெள்ளைக் குழல்கள்தான் பூ. இதழ் மாதிரி மெல்லியதாக இல்லாததால் வெயிலில் சட்டென்று வாடாது, வாரக்கணக்கில் நிற்கும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் குறைந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். தினமும் ஊற்றி, எருவும் அள்ளிப் போட்டால் பச்சைப்பசேல் என்று இலை விட்டு, பூவே காட்டாது. ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிட்டால் புதுக் கிளையில் அடுத்த பூ. முள் உண்டு, அதனால் நடைபாதைப் பக்கம் தாழ விடக் கூடாது.

இவ்வளவும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாசனையும் இல்ல, சாமிக்கும் ஆவாது, தலையிலயும் வெக்க முடியாது. அது என்னா பூ?" என்றார்.

இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. எங்கள் பக்கத்தில் பூ என்றாலே திருப்பதி நினைவு வரும். இராமானுஜர் சொன்னதைச் சிரமேற்கொண்டு அனந்தாழ்வான் திருமலைக்குப் போய் நந்தவனம் அமைத்து, ஏரி வெட்டி, பூக்கைங்கரியம் செய்த கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பதால் மலைமேல் பெண்கள் பூ வைத்துக்கொள்வதில்லை. முல்லைக் கொடி படரக் கொழுகொம்பு இல்லை என்று தேரையே விட்டுவிட்டுப் போன பாரியைக் கொண்டாடும் மொழி நம்முடையது. அப்படிப்பட்ட மண்ணில் வாசனை இல்லாத பூ எடுபடுமா?

ஆனால் முல்லையை மேற்கு மதிலில் ஏற்றினால் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். அடுத்து அம்மா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இப்ப நான் ஊத்துவேன். எனக்கு முட்டி வலி. எனக்கப்புறம் யாரு ஊத்துவா, நீ வந்து ஊத்துவியா?"

நம்மில் எத்தனை பேர் ஊரில் வீடு கட்டி, சுற்றிலும் மதில் எழுப்பி, பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்? அந்த மதில்களில் எது வளரும் என்று நாம் யோசிப்பதில்லை. ஆள் இல்லாத வீட்டில் முல்லை ஒரு கோடை தாண்டாது. காகிதப்பூ தாண்டும். இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு கொடிகளையும் பார்த்தேன். ரங்கூன் மல்லி: தெலுங்கில் 'ராதா மனோகரம்'. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அப்புறம் ரத்தச் சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறம், ராத்திரியில் வாசனையும் உண்டு. பர்மாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் 1942-ல் யுத்தத்தின்போது நடந்தே திரும்பினார்கள், 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சப் பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். ரங்கூன் 1989-ல் யாங்கோன் ஆகிவிட்டது. பழைய பெயர் நம் வீட்டு வாசல் கொடியில் மட்டும் தங்கிவிட்டது. இதற்குக் காகிதப்பூவைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் வேண்டும், ஆனால் வேர் ஆழமாகப் போய்விட்டால் தாங்கும். கனமான கொடி, உறுதியான பந்தல் வேண்டும்.

சங்குப்பூ நம்முடையதே. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வருகிற கருவிளை இதுதான் என்பார்கள். நீலம், வெள்ளை இரண்டும் சாமிக்கு ஆகும். விதை போட்டாலே வரும். பட்டாணிக் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் நல்லது. அலமண்டா பளிச்சென்ற மஞ்சள், வெயிலுக்கு அஞ்சாது. ஆனால் அதன் பாலில் நஞ்சு உண்டு, குழந்தைகளும் மாடும் இருக்கிற வீட்டில் யோசிக்க வேண்டும். மதில்மேல் தொட்டி வைத்துத் தொங்கவிட, பத்துமணிப் பூ போதும்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாக அழகான பூ, வெயிலும் வறட்சியும் ஒரு பொருட்டில்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காகக் கல்கத்தாவில் இறக்குமதி செய்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று முதுமலை, பந்திப்பூர் என்று காடு காடாக அடியில் புல் முளைக்க விடாமல் மூடிக் கிடக்கிறது. அதுவும் காகிதப்பூவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தன. காகிதப்பூ நம் ஊரில் விதை கட்டுவது அபூர்வம், கிளையை வெட்டி யாராவது நட்டால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். வந்தேறி என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை, வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கணக்கு. இது செடிக்கு மட்டும் சொல்வதில்லை.

எங்கள் ஊருக்கே இந்தக் கணக்கு உண்டு. ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். 1911-ல் சித்தூர் தனி மாவட்டம் ஆனது, 1953-ல் ஆந்திரா பக்கம் போனது. ம.பொ.சி. போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். கோடு நகர்ந்தது, நாங்கள் நகரவில்லை.

கடைசியில் முடிவானது இது. மேற்கு மதிலுக்குக் காகிதப்பூ: இரண்டு சிவப்பு, ஒரு திம்மா. அஸ்திவாரத்தை ஒட்டாமல் இரண்டடி தள்ளிக் குழி. கேட்டுக்கு மேலே கம்பி வளைவில் ரங்கூன் மல்லி. கிழக்கு வேலியில் சங்குப்பூ. முல்லை மட்டும் சமையலறைக்குப் பின்னால், அரிசி களைந்த தண்ணீர் விழுகிற இடத்தில். அங்கே பாதி நாள் நிழல், தனியாகத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். அம்மாவின் சாமிக்கு அதுவே போதும்.

நீங்களும் ஊரில் மொட்டை மதில் வைத்திருந்தால் ஆடி, ஆவணி மழையில் நடுங்கள். எந்தக் கொடியானாலும் முதல் இரண்டு கோடைக்கு யாராவது தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும், காகிதப்பூவுக்கும் இதில் விலக்கில்லை. செடி வாங்கப் பணம் அனுப்புமுன், அதற்கு ஓர் ஆளைச் சொல்லி வைத்துவிடுங்கள்.