ஒரு பென்னிக்கு நிற்க ஓர் இடம்

2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மாலையொன்றில், தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள குளோப் அரங்கின் கூரையில்லாத முற்றத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். மழை தூறியது. குடை விரிக்கக் கூடாது. பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். உட்காரவும் கூடாது, குந்தியவர்களை ஊழியர்கள் வந்து மெதுவாக எழுப்பிவிட்டார்கள். மேடையில் மார்க் ரைலன்ஸ் இரண்டாம் ரிச்சர்ட் மன்னனாகத் தன் முடியை இழந்துகொண்டிருந்தார். சுற்றிவரக் கூரைக்குக் கீழே, மரப் பலகைகளில் அமர்ந்திருந்தோர் எங்களைவிடப் பல மடங்கு கொடுத்திருந்தனர். முற்றத்தில் நின்ற எழுநூறு பேரும் கொடுத்தது ஆளுக்கு ஐந்து பவுண்.

அன்றைய மாற்று விகிதத்தில் ஐந்து பவுண் என்பது ஏறக்குறைய 800 ரூபா. லண்டனில் இருந்த பதினொரு மாதங்களிலும் இந்தக் கணக்கு என்னை விட்டு அகலவில்லை. கிழக்கு மாகாணத்துப் பாடசாலையொன்றின் ஆசிரியன் நான். மேற்படிப்புக்கான உதவித்தொகையில் போயிருந்தேன். அறை வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள், ஓட்டுக் கூரையில் ஒழுக்கு. இப்படிப்பட்ட ஒருவன் வாரம் ஒரு நாடகம் பார்ப்பது நியாயமா என்ற கேள்வியை மற்றவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நானே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே போனேன்.

நாடகத்துக்குக் காசு கொடுப்பது என்பதே எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. சிறுவயதில் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல்வரம்பால் நடந்து பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்குக் கூத்துப் பார்க்கக் கூட்டிப் போவார். களரியைச் சுற்றிப் பாய் விரித்துக் குந்தினால் விடியும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். யாருக்கும் டிக்கட் இல்லை. செலவை ஊர் சுமந்தது, உழைப்பை அண்ணாவியாரும் கூத்தரும் மாதக்கணக்காகச் சுமந்தனர். பார்ப்பவன் கொடுத்தது அவனது ஒரு இரவுத் தூக்கத்தை மட்டுமே. விடிந்தபின் உம்மாவிடம் வாங்கிய ஏச்சைக் கணக்கில் சேர்ப்பதானால் அதுவும்.

அதனால்தான் லண்டன் நூலகமொன்றில் அமர்ந்து, இந்த நகரத்து ஏழைகள் நானூறு ஆண்டுகளாக நாடகத்துக்கு எப்படிப் போனார்கள் என்று தேடத் தொடங்கினேன். பாடத்திட்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் கிடைத்தவர் தோமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி. 1599 செப்டெம்பரில் பகலுணவு முடித்து இரண்டு மணியளவில் ஆற்றைக் கடந்து போய் ‘ஜூலியஸ் சீசர்’ பார்த்தார். அவர் எழுதிவைத்த விலை விபரம் மிகத் தெளிவானது. கீழே நிற்பவருக்கு ஒரு பென்னி. உட்கார விரும்பினால் இன்னொரு கதவால் நுழைந்து மேலும் ஒரு பென்னி. மெத்தை போட்ட நல்ல இடம் வேண்டுமானால் மூன்றாவது கதவில் மூன்றாவது பென்னி. ஒவ்வொரு கதவிலும் பணப்பெட்டியுடன் ஒருவர். அக்கால லண்டனில் கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி பன்னிரண்டு பென்ஸ் அளவு. பன்னிரண்டில் ஒரு பங்குக்கு ஷேக்ஸ்பியர்! மலிவுதான் என்று எழுதிவைத்தேன். பிறகு வெட்டினேன். நாடகம் தொடங்கியது பகல் இரண்டு மணிக்கு, அதுவும் வேலை நாளில். போகிறவனுக்கு அரைநாள் கூலியும் போகும். டிக்கட்டின் விலையை மட்டும் பார்க்கும் சரித்திரக்காரர்கள் இந்த அரைநாளைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

முற்றத்தில் நின்றவர்களுக்கு ‘கிரவுண்ட்லிங்’ என்று பெயர். தண்ணீரின் அடித்தரையில் கிடக்கும் சிறுமீன் ஒன்றின் பெயர் அது. மேடையை அண்ணாந்து வாய்பிளந்து பார்ப்பவர்களுக்குப் பொருந்தும் என்று நினைத்திருக்க வேண்டும். ஹம்லெட்டின் வாயில் அந்தச் சொல்லை வைத்தவர் ஷேக்ஸ்பியரே. தன்னை வாழவைத்த பென்னிக்காரர்களை அவர்கள் முன்னிலையிலேயே ஏளனம் செய்யும் துணிவு அவருக்கு இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நாடகம் மாலைக்கு மாறியது. அப்போதும் ஆறு ஆறரைக்கெல்லாம் தொடங்கிவிடும். கடைச் சிப்பந்திகளும் எழுதுவினைஞர்களும் வேலை முடிந்து வரும்போது பாதி நாடகம் போயிருக்கும். ஆகவே மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோருக்கு அரைவிலை என்றொரு வழமை வேரூன்றியது. முதன்மை நாடகத்தின் கடைசி இரண்டு அங்கங்களும் பின்னால் வரும் சிறு கேலி நாடகமும் அவர்களுக்குக் கிடைக்கும். மக்பெத்தின் முடிவை நூறு தடவை பார்த்து, தொடக்கத்தை ஒரு தடவையேனும் பாராதவர்கள் அந்நகரில் இருந்திருப்பர். 1763 ஜனவரியில் ட்ரூரி லேன் அரங்கில் இந்த வழமையைச் சுருக்கப் பார்த்தார் புகழ்பெற்ற நடிகரும் முகாமையாளருமான டேவிட் கரிக். ஃபிட்ஸ்பட்ரிக் என்பவர் தலைமையில் பார்வையாளர்கள் வாங்குகளைப் பெயர்த்தார்கள், விளக்குகளை உடைத்தார்கள். கரிக் பணிந்தார். அடுத்த மாதம் கொவன்ட் கார்டன் அரங்கிலும் அதே கதை.

இதெல்லாம் முன்னுரை. என்னை இரவெல்லாம் விழித்திருந்து வாசிக்க வைத்தது 1809இல் நடந்தது.

அக்காலத்தில் லண்டனில் வசன நாடகம் போட அரச உரிமம் பெற்றிருந்த பேரரங்குகள் ட்ரூரி லேனும் கொவன்ட் கார்டனும். 1808 செப்டெம்பரில் கொவன்ட் கார்டன் எரிந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1809 பெப்ரவரியில் ட்ரூரி லேனும் எரிந்தது. ஓராண்டுக்குள் கொவன்ட் கார்டன் புதிதாக எழுந்து 1809 செப்டெம்பர் 18இல் திறக்கப்பட்டது. ஒன்றரை இலட்சம் பவுண் செலவு என்றது நிர்வாகம். அதை ஈடுசெய்ய முகாமையாளர் ஜோன் கெம்பிள் தரைத்தள ‘பிட்’டின் விலையை மூன்றரை சிலிங்கிலிருந்து நான்கு சிலிங்காகவும், ‘பொக்ஸ்’ விலையை ஆறிலிருந்து ஏழு சிலிங்காகவும் கூட்டினார்.

அரை சிலிங்தான். இதற்காக அறுபத்தேழு இரவு கலகமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மூன்றாம் மாடி முழுவதும் ஆண்டு வாடகைக்கு விடும் தனிப் பொக்ஸ்களாக மாற்றப்பட்டிருந்தது. ஒன்றுக்கு 300 பவுண். பின்னே தனியறை, தனி வாசல். பிரபுக்கள் பொதுமக்களின் மூச்சுப் படாமல் வந்து போகலாம். கலரியின் விலை கூடவில்லை, ஆனால் இந்த மாடிக்கு இடம்கொடுக்க அது கூரைக்குக் கீழே தள்ளப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் மேடையின் பின்பகுதியில் நிற்கும் நடிகர்களின் கால்கள் மட்டும் தெரிந்தனவாம். ‘புறாக்கூடு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். (நம் ஊர்ச் சினிமாக் கொட்டகைகளில் கலரி என்றால் திரைக்கு முன்னால் கழுத்து வலிக்கக் குந்தும் இடம். அவர்களுடையது உச்சியில். இடம் வேறு, ஏழையின் கழுத்துவலி ஒன்றுதான்.)

திறப்புவிழா இரவில் கெம்பிள் மக்பெத், அவரது சகோதரி சாரா சிடன்ஸ் மக்பெத் சீமாட்டி. திரை உயர்ந்ததும் தொடங்கிய கூச்சல் இறுதிவரை ஓயவில்லை. ஒரு வசனம்கூட யாருக்கும் கேட்கவில்லை. நீதவான்கள் மேடையேறிக் கலகத் தடைச் சட்டத்தை வாசித்தார்கள். அதுவும் கேட்கவில்லை. ‘பழைய விலை’ என்பதன் இரண்டு ஆங்கில முதலெழுத்துகள், ஓ.பி., தொப்பிகளிலும் பதக்கங்களிலும் ஏறின. மணி, கொம்பு, கிலுகிலுப்பை எல்லாம் உள்ளே வந்தன. வாங்குகள் அதிர மிதித்து ஆடும் ‘ஓ.பி. நடனம்’ பிறந்தது. ஓர் இரவு சவப்பெட்டி ஒன்று வந்தது. ஆறு நாள் வயதில் இறந்த ‘புதிய விலை’ என்ற குழந்தையின் பூதவுடல் அதனுள் இருப்பதாக எழுதியிருந்தது. கலகக்காரர் பலர் அரைவிலை நேரத்துக்குத்தான் வந்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர்ப்புக்குக்கூட முழுக்காசு கொடுக்க அவர்கள் ஆயத்தமாக இல்லை.

அவர்களை முழுதாகப் புகழவும் மனம் வரவில்லை. பெருஞ்சம்பளம் பேசப்பட்ட இத்தாலியப் பாடகி கற்றலானியை அந்நியர் என்று சொல்லியே விரட்டினார்கள். கெம்பிள், டானியல் மெண்டோசா என்ற யூதக் குத்துச்சண்டை வீரரையும் அவரது ஆட்களையும் கூலிக்கு அமர்த்திக் கலகக்காரரை அடக்கப் பார்த்தார். அது மாபெரும் தவறு. ஆனால் அதற்கு மறுமொழியாக எழுந்த பதாகைகள் அந்தக் கூலியாட்களோடு நிற்காமல் யூதர் எல்லோரையும் இழித்தன. டிக்கட் விலையில் தொடங்கிய நியாயமான கோபம் எவ்வளவு விரைவாகப் பக்கத்துவீட்டுச் சிறுபான்மையைத் தேடிப்போகிறது! இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நடந்தேன்.

ஹென்றி கிளிஃபோர்ட் என்ற வழக்கறிஞர் ஓ.பி. எழுத்தைத் தொப்பியில் குத்தியிருந்ததற்காக, பொக்ஸ் காப்பாளர் பிரண்டனால் பிடித்துக் கொடுக்கப்பட்டார். கிளிஃபோர்ட் வழக்குத் தொடுத்தார். வென்றார். நட்டஈடு ஐந்து பவுண். 1809 டிசம்பர் 14இல் ‘கிரவுன் அன்ட் அங்கர்’ விடுதியில் நடந்த விருந்துக்குக் கெம்பிளே வந்து இணங்கினார். பிட் விலை பழையபடி மூன்றரை சிலிங். தனிப் பொக்ஸ்கள் குறைக்கப்படும். பிரண்டன் வேலையிழந்தார். பொக்ஸ் விலை மட்டும் ஏழு சிலிங்காக நிலைத்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. தாங்கள் திருப்தியடைந்ததாக எழுதிய பதாகையொன்றையும் பிட்டில் உயர்த்தினார்கள். முழுத் தோல்வியைச் சுமந்தவர்கள் புறாக்கூட்டுக்காரர்கள் என்பது என் எண்ணம். பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு ஆசனம் இருக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், ஏதென்ஸ் நகரம் வேறொரு வழியைக் கண்டிருந்தது. விழாக்காலத்தில் நாடகம் பார்க்கக் குடிமக்களுக்கு நகரமே பணம் கொடுத்தது. ஓர் ஆசனத்துக்கு இரண்டு ஒபல். இந்த நிதிக்குத் தியோரிக்கோன் என்று பெயர். இதனைத் தொடங்கியவர் பெரிகிளிஸ் என்கிறார் புளூட்டார்க். மசிடோனியாவின் பிலிப் படையெடுத்து வந்தபோது, கி.மு. 349 அளவில், இந்தப் பணத்தை யுத்தத்துக்குத் திருப்ப வேண்டும் என்று டெமொஸ்தனிஸ் சுற்றிவளைத்துப் பேசினார். நேரே பேசுவது ஆபத்தாக இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, கி.மு. 339 அளவில் பணம் படைக்குப் போனது. மறு ஆண்டு கெய்ரோனியாவில் ஏதென்ஸ் தோற்றது. அடிமைகளும் அந்நியரும் அந்தப் பங்கீட்டில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், யுத்தத்துக்கா நாடகத்துக்கா என்று ஒரு நாடு பகிரங்கமாக விவாதித்தது என்பதே யுத்தத்துக்குள் வளர்ந்த எனக்குக் கற்பனைக்கதை போலத் தோன்றியது.

நான் லண்டனில் இருந்த வசந்தகாலத்தில் ஈராக் யுத்தம் மூண்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர், பெப்ரவரி 15 அன்று, நானும் அந்தப் பெருங்கூட்டத்தில் நடந்தேன். மே மாதத்தில் தேசிய அரங்கில் நிக்கலஸ் ஹைட்னர், ‘ஐந்தாம் ஹென்றி’யை நவீன உடையில் மேடையேற்றினார். அதிமேற்றிராணியார் படையெடுப்புக்கான சட்ட நியாயங்களை அமைச்சரவை மேசையில் கோப்புகளாக விநியோகித்தார். அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. சில மாதங்களுக்கு முன் பத்திரிகைகளில் அடிபட்ட கோப்பு அங்கிருந்த எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்தப் பருவத்தில் அனுசரணையாளர் ஒருவரின் துணையோடு ஒலிவியர் அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்களைப் பத்துப் பவுணுக்கு விற்றார்கள். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்க முடியாது. பின்னாட்களில் அந்தப் பத்து, பன்னிரண்டாகவும் பதினைந்தாகவும் ஏறியது. குளோப் முற்றத்து ஐந்து பவுண் மட்டும் 1997இல் அரங்கு திறந்ததிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் இருந்தது.

மற்ற வழிகளையும் கற்றுக்கொண்டேன். லெஸ்டர் சதுக்கத்தில் 1980 முதல் இயங்கிய அரைவிலைச் சாவடி. காலையில் வரிசையில் நின்றால் கிடைக்கும் அன்றைய ஆசனங்கள். தூணுக்குப் பின்னால் இருப்பதால் மலிந்த இடங்கள். நிலத்தடி ரயிலைத் தவிர்த்து நடந்தால் வாரத்துக்கு ஒரு குளோப் முற்றம் மிச்சம். இடைவேளையில் ஒன்றும் வாங்கமாட்டேன். சட்டைப்பையில் பேரீச்சம்பழம் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன்: நாடகம், திகதி, விலை, நின்றதா இருந்ததா. முப்பத்துமூன்று நாடகங்கள், 214 பவுண். மனைவிக்கு எழுதிய கடிதங்களில், பல்கலைக்கழகம் இலவச டிக்கட் தருகிறது என்று சொல்லியிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, வீடு வெள்ளையடிக்க அலுமாரியை நகர்த்தியபோது கொப்பி அவளுடைய கையில் அகப்பட்டது. முன்விறாந்தையில் குந்திக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துப் பார்த்தாள். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன்.

“இஞ்ச பாருங்க,” என்றாள் கடைசியில். “கூட்டின கணக்கில மூணு பவுண் பிழச்சிருக்கு.”