எடை குறைப்பு மருந்துகளும் எபெட்ரா தடையும்

உடல் எடையைக் குறைக்குமெனக் கூறி அமெரிக்காவில் பெருமளவில் விற்கப்பட்ட மூலிகைகளுள் எபெட்ராவும் ஒன்று. அதிலுள்ள எபெட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தவல்லது. எனினும், 1994 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய குறைநிரப்பிகளை மருந்துகளாகக் கொள்ளவில்லை. விற்பனைக்கு முன்னர் அரசின் அங்கீகாரம் தேவைப்படவில்லை. தீங்கானவை என நிரூபிக்கும் பொறுப்பு உணவு, மருந்து நிர்வாகத்தின் மீதே சுமத்தப்பட்டது.

2003 பெப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்போல் வீரர் ஸ்டீவ் பெக்லர், 23 ஆவது வயதில், பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தால் வீழ்ந்து மறுநாள் உயிரிழந்தார். அம்மரணத்தில் எபெட்ராவுக்கும் பங்கிருந்ததாக மருத்துவ விசாரணை தெரிவித்தது. 2004 ஏப்ரலில் தடை நடைமுறைக்கு வந்தது.

நியூட்ராசூட்டிக்கல் நிறுவனம் தடையை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. 10 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவு தீங்கானதென அரசு நிரூபிக்கவில்லை என 2005 இல் யூட்டா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தடையை உறுதிப்படுத்தியது. 2007 இல் உயர் நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது.

எபெட்ரா தடைசெய்யப்பட்டபோதிலும், முதலில் விற்பனை, பின்னரே நிரூபணம் என்ற சட்ட ஏற்பாடு மாறவில்லை. மூலிகை என்ற பெயர் மாத்திரம் பாதுகாப்புக்கு உத்தரவாதமாகாது என்பதை நுகர்வோர் மனங்கொள்ளல் வேண்டும்.