1943: கலைப்பீடத்துப் பெடியள் ஆடிய கடைசி சீசன்

1943 ஒக்டோபர் 2 அன்று ஜப்பானிய அரசு ஒரு கட்டளை பிறப்பித்தது. அதுவரை பல்கலைக்கழக மாணவர்களுக்குப் படிப்பு முடியும் வரை கட்டாய ராணுவச் சேவையில் தவணை இருந்தது. அந்தத் தவணை ரத்தாகிறது என்றது கட்டளை. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. பொறியியல், விஞ்ஞானம், மருத்துவம் படிக்கிறவர்கள் போருக்குத் தேவையானவர்கள், அவர்கள் இருந்து படிக்கலாம். இலக்கியம், சட்டம், பொருளியல், வரலாறு படிக்கிற, 20 வயது தாண்டிய பெடியள் டிசம்பரில் பாசறைக்குப் போகவேண்டும்.

"ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்ற கேள்வியைக் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை ஒரு அரசாங்கம் சட்டமாகவே எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள நாங்கள் எடுத்துக்கொண்ட வழி, அந்த ஆண்டின் பேஸ்போல் சீசன்.

ஜப்பானில் பேஸ்போல் பள்ளிக்கூட வாசலால் வந்த விளையாட்டு. 1870களில் அமெரிக்க ஆசிரியர்கள் கொண்டுவந்தார்கள். வசேதா, கெய்யோ என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் 1903இல் மோதத் தொடங்கின. எங்கட ஊர் பிக் மட்ச் மாதிரித்தான். 1906இல் ஆதரவாளர்களின் ஆரவாரம் கைமீறிப் போகிறது என்று ஆட்டத்தையே நிறுத்தி, திரும்பத் தொடங்க 1925 ஆனது. தொழில்முறை லீக் 1936இல்தான் வந்தது. அப்போது அதற்குப் பெரிய மரியாதை இருக்கவில்லை. காசுக்கு ஆடுகிறவன் கீழ், கல்லூரிக்காக ஆடுகிறவன் மேல் என்பதுதான் பொது எண்ணம்.

ஆனால் போர் இறுகியபோது முதலில் நிறுத்தப்பட்டது அந்த 'மேலான' ஆட்டம். காரணம் எளிது. மாணவர் விளையாட்டு கல்வி அமைச்சின் கையில் இருந்தது, ஒரு சுற்றறிக்கை போதும். 1941 கோடையில் நடுநிலைப்பள்ளிகளின் கோஷியன் போட்டி மாகாணச் சுற்றுகளோடு நின்றது. 1942இல் அதே கோஷியன் மைதானத்தில் அரசே ஒரு போட்டி நடத்தியது. ஆடுகிறவனைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி அவனைப் போர்வீரன் ஆக்கினார்கள். பந்து உடம்பை நோக்கி வந்தாலும் விலகக்கூடாது என்றொரு விதியும் இருந்தது. இறுதியாட்டத்தில் தொக்குஷிமா வணிகப் பள்ளி 11 இன்னிங்ஸ் ஆடி 8-7 என்று ஹெய்யன் பள்ளியை வென்றது. அந்த வெற்றி இன்றைக்கும் உத்தியோகபூர்வ வரிசையில் இல்லை, ஏனென்றால் அது வழமையான போட்டி அல்ல. 1943 வசந்தத்தில் டோக்கியோவின் ஆறு பல்கலைக்கழக லீக்கும் கலைக்கப்பட்டது. அந்த ஓகஸ்டில் கோஷியன் மைதானத்தின் பெரிய இரும்புக் கூரையையும் உலோகத்துக்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

தொழில்முறை லீக் மட்டும் தப்பியது. எப்படித் தப்பியது என்றால், சொன்னதையெல்லாம் செய்துதான். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் சீருடையோடு கைக்குண்டு எறியும் போட்டி காட்டினார்கள். சட்டை காக்கி நிறமானது, தொப்பி படைத் தொப்பியானது. 1943 மார்ச்சிலிருந்து ஆங்கிலச் சொற்களும் போயின. ஸ்ட்ரைக் என்பதற்கு 'யோஷி', அதாவது 'சரி'. மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் 'சோரே மாதே', 'அவ்வளவுதான்'. அவுட்டுக்கு 'ஹிக்கே', விலகிப் போ என்கிற மாதிரி. எதிரியின் ஆட்டத்தை வைத்துக்கொண்டு எதிரியின் சொல்லை மட்டும் துரத்துவது பகிடியாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லை மாற்றினால் மனிசரை மாற்றலாம் என்று நம்புகிற அரசுகள் பகிடிக்குச் செய்வதில்லை.

அந்த சீசனில் எட்டு அணிகள், ஆளுக்கு 84 ஆட்டம். பந்தின் தரம் படுமோசம், நல்ல ஆட்கள் பலர் ஏற்கெனவே போர்முனையில். முழு லீக்கின் அடி சராசரி .196. அந்த ஆண்டு ஒருவர் அதிகபட்சம் அடித்த ஹோம் ரன் 4. மறுபக்கம் யொமியூரி அணியின் பிட்சர் ஃபுஜிமொட்டோ ஹிதேயோ 34 வெற்றி, 19 ஆட்டத்தில் எதிரணிக்கு ஓட்டமே இல்லை, ERA என்று சொல்லப்படும் சராசரி 0.73. அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை.

யொமியூரிதான் சாம்பியன், 54 வெற்றி. மொழியைச் சுத்தப்படுத்திய லீக்கின் சாம்பியன் அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஃபுஜிமொட்டோ கொரியாவின் பூசானில் பிறந்தவர். அந்த ஆண்டின் முதல் பட்ஸ்மன், சராசரி .300, தாய்வானிலிருந்து வந்த கோ. இன்னொரு பிட்சர் ஸ்டார்ஃபின், ரஷ்யாவில் பிறந்து நாடில்லாமல் வளர்ந்தவர், 1940இலிருந்து 'சுதா ஹிரோஷி' என்ற பெயரில் ஆடவேண்டியிருந்தது.

அதே அணியில் சவமுரா எய்ஜியும் இருந்தார். 17 வயதில், 1934இல், வந்திருந்த அமெரிக்க அணியின் பேப் ரூத், லூ கெரிக் உட்பட நாலு பேரை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியவர். போர்முனையில் கைக்குண்டு எறிந்து எறிந்து அவருடைய தோள் போய்விட்டது. 1943இல் கையைத் தாழ்த்தி அடியிலிருந்து எறிந்து பார்த்தார். வெற்றி ஒன்றும் இல்லை, தோல்வி 3. அடுத்த ஆண்டு டிசம்பர் 2 அன்று அவர் போன கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது.

இனி எங்களை நிறுத்திய விசயம். தொழில்முறை வீரர்களில் பலர் அந்த நாட்களில் பல்கலைக்கழக இரவு வகுப்புகளில் பெயர் பதிந்திருந்தார்கள். படிப்பு ஆசை சிலருக்கு இருந்திருக்கலாம். ஆனால் மாணவர் அட்டை இருந்தால் தவணை கிடைக்கும், தவணை இருந்தால் இன்னொரு சீசன் ஆடலாம். நகோயா அணியின் பிட்சர் இஷிமாரு ஷின்இச்சி அப்படி ஒருவர். நிஹோன் பல்கலைக்கழகத்தில் சட்டம். அந்த ஆண்டு 20 வெற்றி. ஒக்டோபர் 12 அன்று யமாத்தோ அணிக்கு எதிராக ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தார். அதற்குப் பத்து நாள் முன்பே கட்டளை வந்துவிட்டது. சட்டம் என்றால் கலைப்பக்கம்தானே.

நாலு நாள் கழித்து, 16ஆம் திகதி, வசேதாவின் சொந்த மைதானமான தொட்ஸுக்காவில் வசேதா - கெய்யோ கடைசியாக ஒருதரம் ஆடின. கெய்யோ மாணவர்கள் தங்கள் தலைவர் கொய்சுமி ஷின்சோவிடம் போய்க் கேட்டார்கள், அவர் சம்மதித்தார். வசேதா நிர்வாகம் தயங்கியது, ஆனால் அங்கத்தைய பேஸ்போல் கழகம் விடவில்லை. கொய்சுமி விருந்தினர் இருக்கையை மறுத்து மாணவர்களுக்கு நடுவில் இருந்தார். ஒரு வருசம் முன்புதான் கடற்படையில் இருந்த தன் ஒரே மகனை இழந்தவர். மாணவர்களைப் போருக்கு உற்சாகப்படுத்திப் பேசியவரும் அவர்தான், அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வசேதா 10-1 என்று வென்றது. கெய்யோ வீரர்கள் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள், பயிற்சி இல்லை. முடிந்ததும் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தின் பாட்டைப் பாடியது. பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து, சக்கரவர்த்திக்காகச் சாவதைப் பாடும் 'ஊமி யுக்காபா' பாடினார்கள்.

இந்த ஆட்டம் படமாகவும் வந்திருக்கிறது, நினைவுகளில் எப்போதும் அழகாகத்தான் வரும். எங்களுக்கு அந்தக் கடைசிப் பாட்டுத்தான் தொண்டையில் நிற்கிறது. அவர்கள் கேட்டது ஒரு ஆட்டம் மட்டும். போகாமல் இருக்க வழி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஐந்து நாள் கழித்து, ஜிங்கு வெளி மைதானத்தில், கொட்டும் மழைக்குள் சுமார் 25,000 மாணவர்கள் துவக்கோடு அணிவகுத்துப் போனார்கள். பிரதமர் தோஜோ உரையாற்றினார். பக்கத்திலேயேதான் ஆறு பல்கலைக்கழகங்கள் ஆடிவந்த பேஸ்போல் மைதானம்.

இஷிமாருவும் டிசம்பரில் அழைக்கப்பட்டார், கடற்படை விமானி ஆனார். 1945 மே 11 அன்று கனோயா தளத்திலிருந்து திரும்பி வராத விமானத்தில் புறப்பட்டார். ஏறுவதற்கு முன் அவர் பந்து எறிந்து ஆடியதை, போர்ச் செய்தியாளராக அங்கே இருந்த நாவலாசிரியர் யமஓக்கா சோஹாச்சி பிறகு எழுதினார். பத்து ஸ்ட்ரைக் எறிந்துவிட்டுப் போனாராம். பந்தைப் பிடித்தவர் ஹோசே பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஒரு மாணவர்.