செவ்வாயின் தாவரமும் புவியின் நீராவியும்

செவ்வாய்க் கோளின் கரும்பகுதிகள் பருவத்துக்குப் பருவம் மாறித் தோன்றுவதைத் தாவர வளர்ச்சியெனக் கொண்ட வானியலாளர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பலர் இருந்தனர். கண்ணாற் காணும் நிறம் அதற்குச் சான்றாகாது. சேர்வையின் அடையாளமே வேண்டும். அதனைத் தருவது, சிவப்பொளிக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க் கதிர்களின் திருசியமாகும். மூலக்கூறின் ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய அலைநீளத்திற் கதிரை உறிஞ்சி அதிரும். உறிஞ்சிய இடம் திருசியத்தில் இருண்ட பட்டையாகும். 1947 இல் கைப்பர் செவ்வாயிற் காபனீரொட்சைட்டு உண்டெனக் கண்டது இவ்வழியாலேயே. ஆயினும் கோளின் ஒளி தொலைகாட்டியை அடையுமுன் புவியின் வளிமண்டலத்தை ஊடுருவ வேண்டும். அங்கும் காபனீரொட்சைட்டு உண்டு, நீராவியும் உண்டு. எது செவ்வாயினது, எது புவியினது எனப் பிரித்தறிவதே இத்துறையின் தலையாய இடர்.

1956 இல் செவ்வாய் புவியை மிக அண்மித்தபோது, வில்லியம் சின்ரன் என்னும் அமெரிக்க வானியலாளர் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் 61 அங்குலத் தொலைகாட்டியால் அதன் ஒளியை ஆராய்ந்தார். காபன்–ஐதரசன் பிணைப்பு உறிஞ்சும் 3.4 மைக்கிரோன் அயலில் ஒரு தாழ்வு தென்பட்டது. 1958 இற் பலோமாரின் 200 அங்குலத் தொலைகாட்டி அவருக்குக் கிடைத்தது. இம்முறை 3.43, 3.56, 3.67 மைக்கிரோன்களில் மூன்று பட்டைகள். அவை கரும்பகுதிகளில் வலுத்தும், ஒளிமிக்க பாலைப் பகுதிகளில் மெலிந்தும் காணப்பட்டமையே பலரை இணங்கச் செய்தது. சேதனப் பொருளின்றி இவ்வேறுபாடு எவ்வாறு நேரும்? 1959 இல் வெளிவந்த அவரது கட்டுரை, செவ்வாயில் தாவரத்துக்கு மேலும் சான்று எனத் தலைப்பிலேயே கூறியது.

அச்சான்று ஆறாண்டுகளே நிலைத்தது. நீர் மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூவாயிரத்துக்கு ஒன்றில், ஓர் ஐதரசன் அணுவுக்குப் பதிலாக அதன் பாரமான வடிவம் அமைந்திருக்கும். அத்தகைய நீரின் ஆவி உறிஞ்சும் இடங்களும் சின்ரனின் பின்னிரு பட்டைகளும் ஒன்றாயிருந்தன. நீராவியோ வேளைக்கு வேளை மாறுவது. கோளை நோக்கிய வேளையும் ஒப்பீட்டளவை எடுத்த வேளையும் ஈரத்தில் வேறுபட்டால், புவியின் பட்டை கோளின் பட்டையாக வேடம் பூணும். 1965 இல் இதனை எடுத்துக்காட்டிய கட்டுரையில் ரே, ஓலியரி ஆகியோருடன் மூன்றாமவராகப் பெயரிட்டவர் சின்ரனே. தம் பெயரால் வழங்கிய பட்டைகளைத் தாமே புவிக்கு மீட்டளித்த இச்செயல், கண்டுபிடிப்பினுங் குறைந்த சிறப்புடையதன்று.

வளிமண்டலத்துக்கு அப்பாற் சென்றால் இடர் தீரும் என எண்ணலாம். 1969 ஆகஸ்டில் மரினர் 7 விண்கலம் செவ்வாயருகே சென்றது. தென்முனைப் பனிப்பரப்பின் அயலில் 3 மைக்கிரோன் அளவிற் பதிந்த பட்டைகளைக் கொண்டு, அங்கு மெதேனும் அமோனியாவும் உண்டெனப் பிமென்ரலும் ஹேரும் அறிவித்தனர். இம்முறை குறுக்கே புவியின் வளி இல்லை. ஆனால் உறைந்த காபனீரொட்சைட்டும் அவ்விடங்களிலேயே உறிஞ்சும் என்பது தெரியவர, அவர்கள் விரைவிலேயே அவ்வறிவிப்பை மீளப் பெற்றனர்.