மூசி ஆறு புகட்டிய பாடம்

ஹைதராபாத்துக்கு வரும் விருந்தினர் சார்மினாரைக் காண்கின்றனர். சாலார் ஜங் அருங்காட்சிச்சாலையைக் காண்கின்றனர். நேரு விலங்கியல் பூங்காவில் சிங்கத்தையும் புலியையும் காண்கின்றனர். கோடையில் மெலிந்து ஓடும் மூசி ஆற்றைப் பொருட்படுத்துவோர் சிலரே. ஆயினும் இந்நகரின் வரலாற்றில் ஆறாத தழும்பை இட்டது அந்த ஆறுதான்.

1908 செப்டம்பர் 28ஆம் நாள், இடைவிடாத பெருமழையால் மூசி கரைபுரண்டது. பாலங்கள் தகர்ந்தன, வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்தன. மாண்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். அஃப்சல் கஞ்சில் ஒரு புளியமரத்தின் மீதேறிய சுமார் 150 பேர் உயிர் தப்பினர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரம் இன்றும் நிற்கின்றது. வீடிழந்தோருக்கு நிஜாம் மஹபூப் அலி கான் தம் அரண்மனைகளைத் திறந்துவிட்டார்.

மறு ஆண்டு அழைக்கப்பெற்ற பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யா காரணத்தை ஆராய்ந்தார். மேற்புறத்து நீர்ப்பிடிப்பில் இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்திருந்தன. ஊரில் பெய்த மழையோடு, தொலைவில் உடைந்த ஏரிகளின் நீரும் சேர்ந்தே நகரை அழித்தது. அவர் வகுத்த திட்டத்தின்படி 1920இல் உஸ்மான் சாகரும், 1927இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன.

அணைகள் இருப்பினும் அச்சம் முற்றும் நீங்கவில்லை. 2020 அக்டோபரில் மீர் ஆலம் ஏரி நிரம்பி வழிய, விலங்கியல் பூங்காவின் சஃபாரிப் பகுதியில் வெள்ளம் புகுந்தது.

நேயர்களே, இந்நகரில் விடுதி நடத்தும் தமிழரும், சுற்றுலா வண்டி ஓட்டும் தமிழரும் உளர். தம் இடத்திற்கு மேற்புறம் எந்த ஏரி உள்ளது, மதகு திறக்கும் செய்தி யார் வழியாக வரும் என்பவற்றை அவர்கள் மழைக்கு முன்பே அறிந்திருத்தல் வேண்டும். தங்கியிருப்போர் பெயர்ப் பதிவேடும், குடிநீரும், விளக்கும், மருந்தும் மேல்மாடியில் இருக்கட்டும். தெலுங்கும் உருதுவும் அறியாத விருந்தினருக்கு அவரவர் மொழியிலேயே எச்சரிக்கை சொல்ல ஒருவரை நியமியுங்கள். நீர் ஏறுமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். நீர் ஓடும் சாலையில் வண்டியை இறக்காதீர்கள்.

குதிரை, மாடு, நாய் வளர்ப்போர் மேட்டு நிலத்தில் இடமும் தீவனமும் முன்னரே தேடிவைத்தல் வேண்டும். எச்சரிக்கை கிடைத்தவுடனே அவற்றை அங்கு ஓட்டிச் செல்க. அதற்கு நேரம் வாய்க்காவிடில் கட்டையேனும் அவிழ்த்துவிடுக. வெள்ளத்தில் கட்டுக்கயிறே அவ்வுயிர்களுக்கு யமனாகும்.

1908இல் அந்தப் புளியமரம் தற்செயலாக அங்கே நின்றது. நம்மை நம்பி வந்தோருக்கான புகலிடத்தை நாம் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது.