எந்த மரக்கால்? தென்னிந்திய, இங்கிலாந்து உழைப்பாளர் வாழ்நிலை ஒப்பீட்டில் ஓர் அளவைச் சிக்கல்

இந்தியக் கூலி ஐரோப்பியக் கூலியைவிட மலிவு, ஆகவே இந்தியத் துணியும் மலிவு என்ற கருத்து ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலுக்கும் முந்தையது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த அந்தக் கருத்தை 1998இல் ‘பாஸ்ட் அண்ட் பிரசென்ட்’ இதழில் வரலாற்றாளர் பிரசன்னன் பார்த்தசாரதி அசைத்தார். வெள்ளியாகக் கணக்கிட்டால் தென்னிந்திய நெசவாளியின் வருமானம் சொற்பம்தான். ஆனால் அவர் வெள்ளியைத் தின்பதில்லை, சோற்றைத் தின்கிறார். இங்கே நெல் மலிவு. அதனால் சிறிதளவு வெள்ளிக்கே வயிறு நிறைந்தது. துணி விலை குறைந்ததற்குக் காரணம் உழவின் விளைதிறனே தவிர நெசவாளியின் பட்டினி அல்ல. இதுதான் பார்த்தசாரதியின் வாதத்தின் சாரம்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அவர் தந்த எண்கள் பிறகு பல நூல்களில் எடுத்தாளப்பட்டன. பிரிட்டிஷ் நெசவாளிக்கு வாரத்துக்கு 40 முதல் 140 பவுண்டு தானியம். தென்னிந்திய நெசவாளிக்கு 65 முதல் 160 பவுண்டு.

வெள்ளியை மட்டும் வைத்து வாழ்க்கையை அளக்கக் கூடாது என்பதில் பார்த்தசாரதி சொல்வது சரி. அந்த ஒரு திருத்தத்துக்காகவே தமிழக வரலாறு எழுதுவோர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். ஐயம் எழுவது அடுத்த படியில்தான். வெள்ளி வேண்டாம் என்று தானியத்துக்கு வந்தால் காலுக்கடியில் கெட்டித் தரை கிடைத்துவிடுமா? ‘பவுண்டு’ என்பது தமிழ்நாட்டுக் களத்திலோ கடையிலோ புழங்கிய அளவு அல்ல. நெல்லும் அரிசியும் எடை போடப்படவில்லை, முகந்து அளக்கப்பட்டன. அளந்தது எந்த மரக்கால்?

இந்தக் கேள்வியின் கனத்தை உணர்த்துவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று. முதலாம் இராசராசன் கோயில் பணிக்கெனத் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு பங்கு ஒதுக்கினான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். கல்லில் வெட்டியவர் அத்தோடு நிறுத்தவில்லை. அந்த நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டும், அந்த மரக்கால் ‘இராசகேசரி’க்கு இணையானது என்பதையும் சேர்த்தே பொறித்தார். ‘அருமொழிதேவன்’ என்ற பெயரில் இன்னொரு மரக்காலும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. பெயர் சொல்லாத கலம் தகராறுக்கு இடம் தரும் என்று கோயில் கணக்கருக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு நூற்றாண்டு பழைய இந்தக் கல்வெட்டு 18ஆம் நூற்றாண்டுக் கூலிக்குச் சான்றாகாது. அதில் வருவது கூலியும் அல்ல, பங்கு. ஆனால் அளவைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

அந்த நிலை பிற்காலத்திலும் நீடித்தது. சென்னை வட்டாரத்தில் மரக்கால் என்றால் எட்டுப் படி. தஞ்சைப் பக்கம் பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலம் இருபத்து நான்கு பட்டணம் படி, அதாவது சென்னைப் படி. அப்படியானால் மரக்காலுக்கு இரண்டு படிதான். ஒரே பெயர், நான்கு மடங்கு வேறுபாடு! தலை தட்டி அளந்தார்களா, கும்பமாக அளந்தார்களா, அளந்தது நெல்லா அரிசியா என்பவை தனிக் கணக்கு. 65க்கும் 160க்கும் இடையிலுள்ள அகலமான இடைவெளியில் எவ்வளவு நெசவாளியின் திறனால் வந்தது, எவ்வளவு மரக்காலால் வந்தது என்பது ஆவணம் ஆவணமாகத் தீர்க்க வேண்டிய வழக்கு. எல்லாம் பவுண்டாக மாறிய அட்டவணையில் அது தெரிவதில்லை.

2006இல் பொருளியல் வரலாற்றாளர்கள் பிராட்பெரியும் பிஷ்ணுப்பிரியா குப்தாவும் எழுதிய மறுப்பும் இந்த அளவைச் சிக்கலைத் தீர்க்கவில்லை. அவர்களது தொடக்கப் புள்ளி, அக்பர் ஆட்சியின் விவரங்களைத் தொகுத்த 1595இன் ‘அயினி அக்பரி’. ஆக்ராவின் சாதாரணக் கூலிக்காரருக்கு நாளுக்கு இரண்டு தாம் (செப்புக் காசு) என்று அதிலுள்ள விகிதம் காவிரிக் கரைக்கு எப்படிப் பொருந்தும்?

நெசவாளியை விட்டு வயலுக்கு வந்தால் சான்று இன்னும் மெலிகிறது. அழுத்திச் சொல்ல வேண்டியதும் இங்கேதான். உழவுத் தொழிலாளிக்குப் பார்த்தசாரதி தரும் எண்கள் பிரிட்டனில் வாரத்துக்கு 30 முதல் 35, தென்னிந்தியாவில் 26 முதல் 30 பவுண்டு. கிட்டத்தட்டச் சமம் போலத் தோன்றும் இந்த எண்கள், நிலவுடைமையாளரான மிராசுதாரிடம் கட்டுண்டு உழைத்த பண்ணையாளின் வாழ்வைச் சொல்லவில்லை. அவருக்கு நெல் அளந்த மரக்கால் மிராசுதாருடையது. 1767க்கும் 1774க்கும் இடையில் நில அளவையாளர் பர்னார்டு எடுத்த செங்கல்பட்டுக் கணக்கெடுப்பு, களத்து நெல்லிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு பங்கு போனது என்று ஊர் ஊராகக் காட்டுகிறது. நாள் கூலியை மட்டும் எண்ணினால் இத்தகைய வரவு விடுபட்டுப்போகும். இது ஒருபுறம். மறுபுறம், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகவும், ஊரை விட்டே போகவும் நெசவாளியால் முடிந்தது. அவரது பேரம் பேசும் வலிமைக்கு இதையே அடிப்படையாகப் பார்த்தசாரதி காட்டுகிறார். பண்ணையாளுக்கு அந்த வழி இல்லை. இந்தியாவில் அடிமை நிலையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843இல்தான். இங்கிலாந்தின் ஏழை உழவரையும் 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் பஞ்சத்தில் அவருக்குத் திருச்சபை வட்டாரத்தின் வரிப்பணத்திலிருந்து உதவி கிடைத்தது. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் தமிழகக் கூலிக்காரர் எதைப் பற்றிக்கொண்டிருப்பார்? வாரச் சராசரி இதற்குப் பதில் சொல்லாது.

இரு நாடுகளின் வாழ்நிலை எப்போது பிரிந்தது என்பதும் முடிவாகவில்லை. பிராட்பெரியும் குப்தாவும் 17ஆம் நூற்றாண்டிலேயே பிளவைக் காண்கிறார்கள். பார்த்தசாரதியின் கணக்குப்படி 1750 அளவிலும் அது இல்லை. நெசவாளியைப் பொறுத்தவரை பிந்தைய காலமே பொருத்தம் என்று தோன்றுகிறது; கிழக்கிந்தியக் கம்பெனி அவரது வெளியேறும் உரிமையை நெருக்கிய பிறகே நிலை சரிந்திருக்கலாம். பண்ணையாளுக்கும் அதே தேதியைப் போட இந்தச் சான்றுகள் போதா.

கூலியையும் அளவையையும் சேர்த்தே பதிந்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1800-01இல் சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலபார் வரை போனவர், உள்ளூர் அளவைகளின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறித்துக்கொண்டார். ஆனால் விவாதம் சுழல்வது 1750ஐச் சுற்றி. அவர் வந்து சேர்ந்தது அரை நூற்றாண்டு கழித்து, கம்பெனியின் பிடி இறுகிய பிறகு.