பிற நோய்களால் வரும் நரம்புப் பாதிப்பு: வலி குறைந்தால் குணமாகிவிட்டது என்று பொருளா?

காலில் முள் குத்தியது தெரியவில்லை. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததும் தெரியவில்லை. நீண்டகால நீரிழிவு நோயாளிகள் பலர் சாதாரணமாகக் கூறிச் செல்லும் இந்த அனுபவம், நரம்புகள் சேதமடைந்துவிட்டதன் அறிகுறியாகும். இதனை மருத்துவர்கள் 'நியூரோபதி' என்கின்றனர். பெரும்பாலும் இது தனி நோயாகத் தோன்றுவதில்லை. உடலில் முன்பே உள்ள வேறொரு நோயின் விளைவாகவே வருகிறது.

இவற்றுள் முதன்மையானது நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை மேற்கொண்ட நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாகின. அதன்படி, இந்தியாவில் 10.1 கோடி பேர் நீரிழிவுடனும், 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையிலும் உள்ளனர்.

பாதத்தில் தொடங்குவது ஏன்?

கீழ் முதுகிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ளவை. இரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து மிகும்போது, நரம்பிழைகளும் அவற்றுக்கு இரத்தம் அளிக்கும் நுண்குழாய்களும் சிதைகின்றன. நீளமான இழைகளே முதலில் நலிவடைவதால், இரு பாதங்களிலும் எரிச்சல், ஊசி குத்துதல், மரத்துப்போதல் ஆகியவை தொடங்குகின்றன. பின்னர் அவை மேல்நோக்கிப் பரவிக் கைவிரல்களையும் எட்டுகின்றன.

எரிச்சல் தானாகக் குறைந்தால் அதை நலம் என்று கருதிவிடக் கூடாது. நரம்பு முற்றிலும் உணர்விழந்தாலும் வலி மறையும். அதன்பின் ஏற்படும் காயம் கவனிக்கப்படாமல் புண்ணாகி, தொற்று பரவி, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டுசெல்லலாம்.

பிற காரணங்கள்

* வைட்டமின் பி12 குறைபாடு: சைவ உணவு மட்டும் உண்போரிடமும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்வோரிடமும் காணப்படுகிறது.
* தொழுநோய்: உணர்ச்சியற்ற தேமல், கைகால் பலவீனம் ஆகியவை அறிகுறிகள். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.
* சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு சுரப்புக் குறைவு, எச்ஐவி தொற்று.
* மதுப்பழக்கமும் அதனுடன் சேரும் வைட்டமின் பி1 குறைபாடும்.
* மருந்துகள்: சில கீமோதெரபி மருந்துகளும், காசநோய்க்கான ஐசோனியாசிட்டும் நரம்பைப் பாதிக்கலாம். பின்னதைத் தடுக்க வைட்டமின் பி6 சேர்த்து வழங்கப்படுகிறது. எனினும் பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைச் சேதப்படுத்தும். எனவே 'சத்து மாத்திரை' என்று தாமாகவே வாங்கி உண்பது தவறு.

உள்ளுறுப்புகளும் தப்புவதில்லை

தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டால் எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல், செரிமானத் தாமதம், சிறுநீர் முழுமையாக வெளியேறாமை, ஆண்மைக் குறைவு ஆகியவை ஏற்படலாம். மாரடைப்பின்போது நெஞ்சுவலி தெரியாமலும் போகலாம்.

பரிசோதனையும் சிகிச்சையும்

பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்தியும், இசைக்கவையின் அதிர்வை வைத்தும் உணர்திறன் சோதிக்கப்படுகிறது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் இச்சோதனை தேவை. காரணத்தை அறிய எச்பிஏ1சி, பி12, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய பரிசோதனைகள் செய்யப்படுகின்றன.

சிகிச்சையின் அடிப்படை, மூல நோயைக் கட்டுப்படுத்துவதே. முதல் வகை நீரிழிவில் தீவிரச் சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பின் அபாயத்தைச் சுமார் 60 விழுக்காடு குறைப்பதாக, 1993-இல் வெளியான அமெரிக்க - கனடா ஆய்வு காட்டியது. இரண்டாம் வகையில் பயன் அந்த அளவுக்கு இல்லை. அங்கே உடல் எடை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றையும் கட்டுப்படுத்த வேண்டும். பி12 குறைபாட்டை விரைவில் சரிசெய்தால் நரம்பு பெருமளவு மீளக்கூடும். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம்.

பிரிகாபலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் வலியைத் தணிக்குமே தவிர, நரம்பைச் சீராக்குவதில்லை. மருத்துவர் பரிந்துரையின்றி அவற்றைத் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது.

பாதப் பராமரிப்பு

* நாள்தோறும் பாதங்களைப் பார்க்க வேண்டும். அடிப்பாதத்தைக் காண கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம்.
* வீட்டிற்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. கோயில் பிராகாரத்தின் வெயிற்கல் தரையில் கொப்புளம் உண்டாவது தெரியாமலே போகும். காலை அல்லது மாலை வேளையில் செல்வது நல்லது.
* வெந்நீரின் சூட்டை முழங்கையால் அறிந்த பின்னரே காலை நனைக்க வேண்டும். ஒத்தடப் பையைத் தவிர்க்க வேண்டும்.
* கழுவியபின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். நகங்களை நேராக வெட்ட வேண்டும்.
* கால் ஆணியைப் பிளேடால் அறுக்கக் கூடாது.
* மென்மையான அடிப்பாகமும் பின்வாரும் உள்ள எம்சிஆர் செருப்பு ஏற்றது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

பாதத்தில் புண், சிவப்பு, வீக்கம் தோன்றினால் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். கால்களில் தொடங்கிச் சில நாள்களில் மேல்நோக்கிப் பரவும் பலவீனம், குய்லான்-பாரே நோயாக இருக்கலாம். அது சுவாசத்தையும் பாதிக்கும் என்பதால் அவசர சிகிச்சை தேவை. திடீரென ஒரு பக்கக் கைகால் செயலிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்கக் கூடாது.